ஆண்டவரின் தோட்டத்தில் நாம்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு நன்றி வழிபாட்டில் ஆற்றிய உரை)



தோட்டத்திலிருந்து நாம் கற்கும் ஆவிக்குரிய பாடங்கள் என்பது இன்று நமக்குத் தரப்பட்ட பொருள். விதைக்கிறவன் உவமையை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதை ஞாயிறு பாடசாலை நாளிலிருந்தே கேட்டு வருகிறோம். இன்று விதையை விட்டு, வலிகாமத்துச் செம்மண்ணில் விதைக்கு முன்னே நினைக்க வேண்டிய தண்ணீரிலிருந்து தொடங்குவோம்.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். பெய்த மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. அதையே நம் கிணறுகள் தருகின்றன. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில், ஆளின் வலு எவ்வளவோ அவ்வளவே தண்ணீர். இயந்திரம் வந்தபின் அந்த அளவு போயிற்று. மிஞ்சி இறைத்தால் பல கிணறுகள் வற்றுவதற்கு முன்னரே உவர் ஏறிவிடும். பார்வைக்கு அதே கிணறு, அதே தெளிந்த தண்ணீர். குடித்தவருக்கும் பயிருக்குமே மாற்றம் தெரியும்.

இறைக்கிற கிணறு ஊறும் என்று சொல்லியே நம்மை வளர்த்தார்கள். நல்ல வளர்ப்புத்தான். ஆனால் ஆசிரியையாக, தாயாக, மருமகளாக, சபையின் பெண்கள் சங்கத்துக் காரியதரிசியாக ஓயாமல் இறைத்து, ஐம்பது வயதில் சொல்லில் உவர் ஏறியவர்கள் நம்மிடையே இல்லையா? அவர்களுடைய சேவை குறையவில்லை. சேவையைப் பெற்றவர்களுக்குத்தான் வாய் கரித்தது. சாப்பிடவும் நேரமில்லாதபடி சனங்கள் வந்துபோனபோது, சீஷரைத் தனித்த இடத்துக்கு வந்து சற்றே இளைப்பாறும்படி ஆண்டவர் அழைத்ததை மாற்கு 6ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஜெபநேரத்தையும் இன்னொரு வேலையாக எண்ணிச் செய்து முடிப்பவர்கள் நாம். அது மழை இறங்குவதற்காக விட்டிருக்கும் நேரம்.

இன்னொன்றும் உண்டு. மண்ணின் மேலே வேலி அடைக்கிறோம். சுண்ணக்கல்லின் கீழே வேலி இல்லை. வெங்காயப் பாத்திக்கு மிஞ்சிப் போட்ட உரம் நைத்திரேற்றாக அயலவர் கிணற்றிலும் போய்ச் சேரும். என் விசுவாசமும் என் கோபமும் என் சொந்த விஷயம் என்று சொல்வோர் இதைச் சற்று யோசிக்கலாம்.

இனித் திராட்சை. குளிர்நாட்டில் இருக்கும் நம் சகோதரிகள் பார்த்திருப்பீர்கள்: அங்கே கொடி தானே இலையுதிர்த்து, குளிர்காலம் முழுதும் உறங்கும். யாழ்ப்பாணத்துப் பந்தலில் அதற்கு உறக்கம் இல்லை. விட்டால் இலையும் கொடியுமாகப் படர்ந்துகொண்டே போகும். காய்ப்பு மட்டும் குறையும். ஆகவே தோட்டக்காரர் தண்ணீரைக் குறைத்து, கொடியைக் கத்தரித்து, இலையையும் உருவிவிடுவார். வெட்டிய முனையில் நீர் சொட்டும். பின் வரும் புதுத் தளிரிலேதான் பூங்கொத்து பிடிக்கும். ஏறக்குறைய நான்கு மாதத்தில் குலை பழுக்கும். யோவான் 15ஆம் அதிகாரத்தில் இந்த வேலைக்கு நம் பழைய வேதாகமம் போட்டிருக்கும் சொல், சுத்தம்பண்ணுதல். நல்ல சொல். கனி கொடுக்கிற கொடிக்கே அது செய்யப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இந்த இடத்தில் பிரசங்கிமார் சிலர் ஓரடி கூடுதலாக வைத்துவிடுகிறார்கள். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டுப் போனவர்களில் பலர், இருபது வருடத்துக்கு மேலாகத் தங்கள் தோட்டத்தைக் கண்ணாலும் காணவில்லை. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுதுமே நடந்தது. பிள்ளைகளைப் புதைத்த தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். அதெல்லாம் ஆண்டவர் கத்தரித்தது என்று அவர்களிடம் சொல்ல நாம் துணியமாட்டோம். கத்தரிக்கிறவர் கணுவைப் பார்த்து, கொடியைக் கையில் பிடித்துத்தான் வெட்டுவார். தோட்டத்துக்குள் கட்டாக்காலி மாடு புகுந்து மிதித்தால் அதற்குக் கத்தரித்தல் என்று பெயர் இல்லை. இரண்டையும் பிரித்தறியாத ஆறுதல், துக்கப்படுகிறவளுக்கு இன்னொரு பாரம். மிதிபட்ட கொடியும் துளிர்க்கலாம். துளிர்த்தால் அதற்காக ஆண்டவரைத் துதிப்போம். மிதித்ததை அவர் பேரில் எழுதமாட்டோம்.

கடைசியாக, லூக்கா 13ஆம் அதிகாரத்து அத்திமரம். நம்மிற் பலருக்கு இருக்கும் ஒரு மனத்தாங்கலுக்காக இதை எடுக்கிறோம். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் நன்றாகப் படித்து நல்ல வேலையில் இருக்கிறார்கள், கோயிலுக்குப் போவதில்லை. தொலைபேசியில் இதைச் சொல்லிச் சண்டைபிடித்து, பேசாமல் இருக்கும் தாய்மாரும் உண்டு. உவமையில் மூன்று வருடம் கனி தேடி வந்த எசமான், வெட்டிப்போடு என்கிறான். தோட்டக்காரன் எதிர்த்து வாதாடவில்லை. மரத்துக்குப் புத்தி சொல்லவும் இல்லை. இந்த வருடமும் இருக்கட்டும், சுற்றிக் கொத்தி எருப் போடுகிறேன் என்று தவணை கேட்கிறான். கொத்துவது வேர் அறாமல், எட்டக் கொத்துவது. எரு என்றால் மணமான பொருள் அல்ல. கையில் அள்ள வேண்டும். பேரப்பிள்ளைக்குத் தமிழில் ஒரு கதை சொல்வதும், மருமகளின் சமையலைக் குறை சொல்லாமல் சாப்பிடுவதும் அந்த எருவிற் சேரும் என்றே நினைக்கிறோம்.

அடுத்த வருடம் அந்த மரம் காய்த்ததா என்று லூக்கா எழுதவில்லை. எசமான் தவணை கொடுத்தான் என்றுகூட எழுதவில்லை. தோட்டக்காரன் கேட்டுக்கொண்டு நிற்கிறான். அதோடு உவமை நின்றுவிடுகிறது.