எழுந்தால் கண் இருட்டுகிறதா?

சரவாங்கி என்று நாம் சொல்லும் முடக்குவாதம் விரல், மணிக்கட்டு, முழங்கால் மூட்டுகளை வீங்க வைக்கும். காலையில் வெகுநேரம் கையை மடக்க விடாது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம். ஆனால் இந்த நோய் மூட்டோடு நிற்பதில்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சரவாங்கி உள்ள ஓர் அம்மாள் தன் வீட்டுக்காரரிடம், "என்னங்க, எழுந்தா கண்ணை இருட்டுது, நெஞ்சு படபடங்குது" என்றார். அவரோ, "மூட்டு வலிக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்? வேலைக்கு மனசில்லே, அதான்" என்று சொல்லிவிட்டார். அதன்பின் அந்த அம்மாள் வாய் திறக்கவில்லை. ஒருநாள் கிணற்றடியில் குடத்தோடு விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது.

சம்பந்தம் உண்டு. இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், வியர்வை, செரிமானம் இவற்றை நாம் நினைக்காமலே நடத்தும் நரம்புகள் உண்டு. தானியங்கு நரம்புகள் என்று பெயர். அதில் ஒரு பிரிவு தார்க்குச்சி மாதிரி விரட்டும். மற்றொன்று மூக்கணாங்கயிறு மாதிரி அடக்கும். சரவாங்கியில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிறது. அந்த அழற்சி நீடித்தால் சிலருக்கு இந்த நரம்புகளும் கெடும். அடக்கும் நரம்பு தளர்ந்தால் சும்மா இருக்கும்போதே நெஞ்சு வேகமாக அடிக்கும். விரட்டும் நரம்பு தளர்ந்தால் எழும்போது ரத்த அழுத்தம் இறங்கி, தலை சுற்றும்.

என்ன செய்யலாம்?

படுக்கையிலிருந்து சட்டென்று எழாதீர்கள். முதலில் உட்காருங்கள், காலை அசையுங்கள், பிறகு பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைச் சொல்லுங்கள். படுக்க வைத்து ஒருமுறை, நிற்க வைத்து 3 நிமிடத்துக்குள் மறுமுறை ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால் கவனிக்க வேண்டும். ரத்தசோகையாலும் சில மாத்திரைகளாலும்கூட தலை சுற்றும். எது காரணம் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சரவாங்கி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அழற்சியை அடக்குவதுதான் முதல் வைத்தியம்.

நெஞ்சு வலித்தாலும் மயங்கி விழுந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கணவன்மார்களே, "தலை சுத்துது" என்று மனைவி சொன்னால் சாக்கு என்று எண்ணாதீர்கள். குடத்தை நீங்கள் வாங்கிக்கொண்டு, அவரை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். தாய்மார்களே, கணவருக்கு இந்த நோய் இருந்தால் உங்களுக்கும் இதே வார்த்தைதான்.