குழப்படிப் பிள்ளையும் மறதிக்காரத் தகப்பனும்

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலுக்கு, சார்ஜா முவைலாவில் கற்றல் உதவி ஆசிரியையாக இருக்கும் சகோதரி ஒருவர் வந்திருந்தார். அன்று அவர் ஆற்றிய உரையை மலருக்காக அவரே எழுதித் தந்துள்ளார்.)

 

பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். படிக்க இருக்க முடியாத பிள்ளையைப் பற்றியும், அந்தப் பிள்ளையோடு ஒரே வீட்டில் இருக்கிற பெரியவர்களைப் பற்றியும் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் நான் இருக்கிற இடத்தைச் சொல்லுகிறேன். முவைலா, சார்ஜா நகரத்தின் ஓரத்தில் பல்கலைக்கழக நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடங்களும் பிளாட்டுகளும் நிறைந்த இடம். காலையில் தெருவெல்லாம் பள்ளி பஸ்தான். தமிழ்நாட்டாரும் இருக்கிறார்கள், எங்கட ஆக்களும் இருக்கிறார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் சேராத நாடு. ஆகவே உங்களைப்போல் அகதி அந்தஸ்தோடு அங்கே எங்கட சனம் இல்லை. வேலை விசாவில்தான் இருக்கிறது. வேலை போனால், கொடுக்கிற சலுகை நாட்களுக்குள் வேறு வேலை தேட வேண்டும், அல்லது வெளிக்கிட வேண்டும். இதை ஏன் சொல்லுகிறேன் என்று பிறகு விளங்கும்.

எங்கட பக்கத்து இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஏப்பிரலில்தான் புது வகுப்புத் தொடங்கும். சித்திரை வருசமும் புதுக் கொப்பியும் புதுச் சப்பாத்தும் ஒன்றாக வரும். மே மாதம் முடிய முன்னமே சில வீடுகளுக்கு முதல் கடிதம் வந்துவிடும். "பிள்ளை கதிரையில் இருக்கிறான் இல்லை. வீட்டுப்பாடம் முடிக்கிறான் இல்லை. கேள்வி கேட்டு முடிய முதல் பதில் சொல்லுகிறான். மற்றப் பிள்ளைகளைக் குழப்புகிறான்." வீட்டில் உடனே தீர்ப்புச் சொல்லப்படும். தாய் செல்லம் கொடுத்துக் கெடுத்துப்போட்டா என்பார்கள். பஞ்சி என்பார்கள். ஊருக்கு அனுப்பி விடுதியில் விட்டால் திருந்துவான் என்று லண்டனிலிருந்து மாமா ரெலிபோனில் சொல்லுவார். அடியும் விழும்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் எல்லோருக்கும் நோய் என்று நான் சொல்லவில்லை. ஓடி விளையாடுவது பிள்ளையின் இயல்பு. கோடை வெயிலில் வெளியே விளையாட வழியில்லாமல் நாலு சுவருக்குள் இருக்கிற பிள்ளை கட்டிலில் ஏறிக் குதிக்கத்தான் செய்யும். ஆனால் சில பிள்ளைகளுக்கு இது வேறு விதம். அதற்கு மருத்துவர்கள் வைத்த பெயர் அவதானக் குறைவு மிகையியக்கக் கோளாறு. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஏ.டி.எச்.டி. என்பார்கள்.

இது நேற்று வந்த புது நாகரிக நோய் என்று நினைக்க வேண்டாம். 1902 இல் ஜோர்ஜ் ஸ்ரில் என்ற குழந்தை மருத்துவர் லண்டனில் செய்த விரிவுரைகளில், புத்தி குறையாத, ஆனால் தன்னைக் கட்டுப்படுத்த முடியாத பிள்ளைகளைப் பற்றி விவரித்திருக்கிறார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980 இல் அவதானக் குறைவு என்ற பெயரைத் தன் கைநூலில் சேர்த்தது. 1987 இல் இன்றைய பெயர் வந்தது. உலகளவில் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேருக்கு இது இருக்கிறது. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பென்றால் ஒருவரோ இருவரோ இருக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இரத்தம் எடுத்தோ தலையைப் படம் பிடித்தோ அல்ல. அந்தக் கைநூலின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பில் அவதானக் குறைவுக்கு 9 அறிகுறிகள், மிகையியக்கத்துக்கும் அவசரப் புத்திக்கும் 9 அறிகுறிகள் இருக்கின்றன. ஏதாவது ஒரு பகுதியில் பிள்ளைக்கு 6, 17 வயது தொடக்கம் 5 இருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். 12 வயதுக்கு முன்னமே சில அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். வாழ்க்கையைக் குழப்பவும் வேண்டும். ஒரு ரீச்சரோடு மட்டும் குழப்படி என்றால் அது வேறு கதை.

காரணம் என்ன? பெரும்பங்கு பரம்பரை. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள், பரம்பரையின் பங்கு ஏறத்தாழ நாலில் மூன்று என்று காட்டுகின்றன. குறைமாதத்தில் பிறப்பதும் வாய்ப்பைக் கூட்டும். தாயின் செல்லம் காரணம் இல்லை. ரொபி, சீனி காரணம் இல்லை. 1995 இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, சீனி பிள்ளைகளின் நடத்தையை மாற்றவில்லை என்று எழுதினார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், அதோடு அரபும் ஹிந்தியும் என்று நாலு மொழி படிப்பதும் காரணம் இல்லை. ஆகவே தயவுசெய்து தமிழை நிற்பாட்டாதேயுங்கோ. அம்மம்மாவோடு கதைக்கிற மொழியையும் பறித்தால் பிள்ளைக்கு இன்னும் ஒரு நட்டம்.

இனி, நான் இங்கே வந்து சொல்ல நினைத்த முக்கியமான விசயம். இந்தப் பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். தெரிந்ததை அந்த நேரத்தில் செய்யத்தான் முடியாமல் இருக்கிறது. ரசல் பார்க்லி என்ற அமெரிக்க உளவியலாளர் பல வருசமாக இதைத்தான் விளங்கப்படுத்தி வருகிறார். "பாக்கை முதல் நாள் இரவே அடுக்கி வைக்க வேணும்" என்று பிள்ளையே அழகாகச் சொல்லும். இரவு வந்தால் அடுக்காது. நாங்கள் என்ன செய்கிறோம்? மறுபடி புத்திமதி சொல்கிறோம். தெரிந்த பிள்ளைக்கே திரும்பத் திரும்பச் சொல்லி, "நூறு தரம் சொன்னேனே" என்று அடிக்கிறோம். நூறு தரம் சொல்லியும் நடக்கவில்லை என்றால் சொல்லுகிற வழி பிழை என்றுதானே அர்த்தம்?

சொல்லுக்குப் பதிலாகச் சூழலை மாற்ற வேண்டும். பிள்ளை மண்டைக்குள் வைத்திருக்க முடியாததை வெளியே கண்ணுக்கு முன்னால் வையுங்கோ. படிக்கிற மேசைக்கு மேலே பெரிய மணிக்கூடு ஒன்று. வாசல் கதவில் நாலு படம்: சாப்பாட்டுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், கொப்பி, அடையாள அட்டை. பாக்குக்கு ஒரே இடம். ஒரு மணித்தியாலப் பாடத்தைப் பத்துப் பத்து நிமிசமாக வெட்டி, நடுவில் எழும்பி நடக்க விடுங்கோ. ஒரு தரத்துக்கு ஒரு கட்டளை. குசினியிலிருந்து கத்தாமல் கிட்டப்போய்த் தோளைத் தொட்டுச் சொல்லுங்கோ. நல்லது செய்தால் அந்த நிமிசமே பாராட்டுங்கோ. வருச முடிவில் சைக்கிள் வாங்கித் தருவேன் என்பது இந்தப் பிள்ளைக்கு எட்டாத தூரம். சார்ஜாவில் 2022 தொடக்கம் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை. அந்த மூன்று நாளும் நித்திரை நேரம் குழம்பினால் திங்கட்கிழமை காலையில் வீடு போர்க்களம். விடுமுறையிலும் படுக்கிற நேரத்தைக் காப்பாற்றுங்கோ.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களில் பலர் ஓடித் திரிவதில்லை. யன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருப்பார்கள். ரீச்சருக்குத் தொல்லை இல்லாதபடியால் கடிதமும் வராது. "கனவு காணுகிற பிள்ளை" என்று விட்டுவிடுகிறோம். அமெரிக்க ஜிம்னாஸ்ரிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ், தனக்குச் சிறுவயது முதல் இது இருக்கிறது, மருந்து எடுக்கிறேன், வெட்கப்பட ஒன்றுமில்லை என்று 2016 இல் வெளிப்படையாகச் சொன்னார். அந்த வருச ஒலிம்பிக்கில் அவர் நாலு தங்கம் எடுத்தவர்.

எங்கட சனத்துக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. யுத்தத்தைக் கண்ட பிள்ளைக்கும் அவதானம் சிதறும். சத்தம் கேட்டால் திடுக்கிடும், நித்திரை வராது, கோபம் வரும். போர் எங்கட மனங்களை எப்படிக் காயப்படுத்தியது என்று யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1998 இல் ஒரு நூலே எழுதினார். வெளியே பார்த்தால் மனக்காயமும் ஏ.டி.எச்.டி.யும் ஒன்றுபோல் தெரியும். இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கவும் கூடும். ஆகவே டொக்டரிடம் போகும்போது, பிள்ளையோ பெற்றோரோ பட்ட கஷ்டத்தை மறைக்காமல் சொல்லுங்கோ. எப்போது தொடங்கியது, அந்தச் சம்பவத்துக்கு முன்னமே இருந்ததா என்பது அவர்களுக்கு முக்கியம்.

இப்போது தகப்பன்மாருக்கு வருகிறேன். பிள்ளையின் அறிகுறிகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டும்போது பக்கத்தில் இருக்கிற தகப்பன் மெல்ல, "ரீச்சர், இது எனக்கும் இருக்கே" என்பார். இதை நான் பல தரம் கேட்டிருக்கிறேன். தாய்மாரும் சொல்லியிருக்கிறார்கள். பரம்பரை என்றால் அதிசயமில்லை. பெரியவனானதும் ஓட்டம் அடங்கும். உள்ளே ஓய்வின்மையும் மறதியும் நிற்கும். திறப்பைத் தொலைப்பது, கட்டணத்துக்கு நாள் தவறுவது, தொடங்கிய வேலையைப் பாதியில் விடுவது, வாய் தவறி மேலதிகாரியோடு சண்டை பிடிப்பது. இது எல்லா நாட்டிலும் கஷ்டம்தான். வளைகுடாவில் இன்னும் கஷ்டம். அடையாள அட்டை புதுப்பிக்க மறந்தால் தண்டப்பணம். வேலை போனால் விசா, மனைவி பிள்ளைகளின் விசா, பிள்ளையின் பள்ளி எல்லாம் ஆடும். அங்கே மறதி ஒரு குடும்பத்தையே அசைக்கும் என்பதால்தான் விசா விசயத்தை முதலே சொன்னேன்.

பெரியவர்களைப் பரிசோதிக்கும்போது டொக்டர்மார் பழைய பள்ளித் தேர்ச்சி அறிக்கையைக் கேட்பார்கள். 12 வயதுக்கு முன்னமே இருந்ததா என்று பார்க்க. எங்களிடம் எங்கே இருக்கிறது அறிக்கை? 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு இரவோடிரவாக வெளிக்கிட்ட சனம் அலுமாரியில் இருந்த கடதாசியையா தூக்கிக்கொண்டு போனது? அதற்காக மனம் தளர வேண்டாம். உங்களை வளர்த்த அம்மாவோ பெரியக்காவோ ரெலிபோனில் சொல்லுகிற சாட்சியும் டொக்டருக்கு உதவும். "சின்ன வயதில் நான் எப்படி இருந்தனான்?" என்று கேட்டு, அவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கோ.

மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெதைல்பெனிடேற் என்ற குளிசை 1944 இல் சுவிற்சர்லாந்தில் முதலில் செய்யப்பட்டது. செய்தவர் தன் மனைவி றீற்றாவின் பெயரை வைத்து அதற்கு ரிற்றலின் என்று பெயரிட்டார். அமெரிக்காவில் 579 பிள்ளைகளை 14 மாதம் கவனித்து 1999 இல் வெளியிட்ட ஆய்வில், ஒழுங்காகக் கண்காணித்துக் கொடுத்த மருந்து முக்கிய அறிகுறிகளை நன்றாகக் குறைத்தது. பசி குறையும், நித்திரை பிந்தும். ஆகவே உயரம், நிறை, இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள். ஆறு வயதுக்குக் கீழே என்றால் முதலில் பெற்றோருக்குப் பயிற்சி. வேண்டுமா வேண்டாமா என்பதை டொக்டரோடு கதைத்து முடிவெடுங்கோ. அயல்வீட்டுப் பிள்ளையின் குளிசையை மட்டும் வாங்கிக் கொடாதேயுங்கோ.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. இங்கேயிருந்து ஊருக்குப் போகிற வழியில் டுபாயிலோ சார்ஜாவிலோ இறங்கிச் சொந்தக்காரரைப் பார்க்கிறவர்கள் இருக்கிறீர்கள். அமீரகத்தில் இந்தக் குளிசை கட்டுப்பாட்டு மருந்து. கையில் கொண்டு போவதானால் அரசின் இணையவழி முன்அனுமதியை எடுத்து, டொக்டரின் கடிதமும் மருந்துச் சீட்டும், மருந்து வந்த பெட்டியோடு கொண்டு போங்கோ. சாதாரணக் காய்ச்சல் குளிசைபோல் பாக்குக்குள் போட்டுக்கொண்டு இறங்க வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் என்ன கேட்கலாம்? அமீரகத்தின் 2006 ஆம் ஆண்டு 29 ஆம் இலக்கச் சட்டம், விசேட தேவை இருப்பது மட்டும் பள்ளியில் சேர்க்கத் தடையாகாது என்கிறது. நடைமுறையில் தனி உதவியாளர் வேண்டுமென்றால் செலவு பெரும்பாலும் பெற்றோரின் தலையில்தான். ஆனால் காசு செலவில்லாத உதவிகளும் உண்டு: முன் வரிசையில் இடம், எழுத்தில் வீட்டுப்பாடம், நடுவில் கொப்பிகளைச் சேர்த்துக்கொண்டு எழும்பி நடக்கிற வேலை. இவற்றைக் கேளுங்கோ. சோதனைக்கு மேலதிக நேரம் வேறு. பிரித்தானியச் சோதனைகளில் தேவையை நிரூபித்தால் 25 வீதம் கூடுதல் நேரம் கிடைக்கலாம். இந்தியாவின் 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் ஏ.டி.எச்.டி. பெயர் சொல்லி இல்லை. வாசிப்பு, எழுத்து, கணக்குக் குறைபாடு இருக்கிறது. பல பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஆகவே இந்தியப் பாடத்திட்டத்தில் படிக்கிற பிள்ளையென்றால் அதையும் பரிசோதித்து, பத்தாம் வகுப்புக்கு வர முன்னமே அறிக்கையை எடுத்து வையுங்கோ.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எங்கட குடும்பத்தில் இப்படி ஒன்றும் இல்லை, வெளியில் தெரிந்தால் நாளைக்குக் கலியாணம் பேசவும் ஏலாது" என்று சொல்லுகிறவர்கள் இருப்பார்கள். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் பெயர் வைக்காமல் விட்டால் பிள்ளைக்குப் பெயர் இல்லாமல் போகாது. மொக்கு, பஞ்சி, குழப்படி என்று ஊர் ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டது. பிள்ளையும் அதை நம்பத் தொடங்கிவிடும். பதினைந்து வயதில் அந்த நம்பிக்கையை அழிப்பது மிகக் கஷ்டம். ஏழு வயதில் கதவில் நாலு படம் ஒட்டுவது லேசு.

இந்த வருசம் பிள்ளைக்குக் கைவிசேஷம் கொடுக்கும்போது பக்கத்தில் இருத்தி, "உனக்கு எந்த வேலை கஷ்டமாக இருக்கு?" என்று கேளுங்கோ. ஏன் செய்யவில்லை என்று கேட்க வேண்டாம். அது சொல்லுகிற ஒரு வேலையை மட்டும் எடுத்து, இந்தச் சித்திரை மாதம் முழுக்க அதற்கு இருவருமாக ஒரு வழி பாருங்கோ. மறதிக்காரத் தகப்பன்மாரும் தங்களுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.