பிரிக்கப்பட்ட சின்னத்தின் தடம்: தோட்டப்புறத்துப் படைவீரர் மேற்சட்டையை இனங்காணலும் காட்சிப்படுத்தலும்



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பழைய காக்கி மேற்சட்டை. சிலர் அதைக் கோட்டு என்பர். சிலர் புஷ் சட்டை என்பர். பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான், ஈஜோக், உலு சிலாங்கூர் எனப் பரந்து கிடக்கும் வட சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களில், பாட்டனார் விட்டுச்சென்ற தகரப் பெட்டியின் அடியில் அத்தகைய சட்டை இருக்கக்கூடும். "தாத்தா நேதாஜி படையில் இருந்தார்" என்ற ஒரு வரி அதனோடு சேர்ந்து வரும். அந்த வரியை மெய்ப்பிப்பது எப்படி? மெய்ப்பித்த பின் அந்தச் சட்டையை ஊரார் காண எவ்வாறு வைப்பது? இவ்விரண்டுமே என் உரையின் எல்லை.

சட்டையின் பின்னணி

1941 ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். கூலி உயர்வோடு அவர்கள் வேறொன்றும் கேட்டிருந்தனர். துரையையும் கிராணியையும் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அக்கோரிக்கை. அடுத்த ஆண்டே ஜப்பானிய ஆட்சி வந்தது. சயாம் இரயில் பாதைக்கு ஆள் பிடிக்கப்பட்டது. தோட்டங்கள் பசியில் வாடின.

சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்து இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். அக்டோபர் 21 அன்று தற்காலிக சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். மறுநாள் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. இந்திய தேசிய இராணுவத்தில் தென்கிழக்காசியாவின் குடிமக்களாக இருந்து சேர்ந்தோர் ஏறத்தாழ 18,000 பேர் என்று வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. அவர்களுள் மலாயாத் தோட்டத் தமிழர் பெருந்தொகையினர். சிலர் நாட்டுப்பற்றால் சேர்ந்தனர். சிலர் இரயில் பாதைக்குப் பிடிபடாமல் தப்பவும், ஒரு வேளைச் சோற்றுக்காகவும் சேர்ந்தனர். எக்காரணத்தால் சேர்ந்திருப்பினும், துரைக்கு முன்னால் மிதிவண்டியில் செல்ல உரிமையற்றிருந்த மனிதன் முதன்முறையாகச் சீருடை அணிந்து நிமிர்ந்து நின்றான். அச்சட்டையின் பெறுமதியை இங்கிருந்துதான் அளக்க வேண்டும்.

காக்கி அனைத்தும் ஒரே காக்கி அன்று

பெறுமதி பெரிதாயிருப்பதாலேயே அவசர முடிவும் எளிதில் வந்துவிடுகிறது. பழங்காக்கி கிடைத்ததும் ஐ.என்.ஏ. சீருடை என்று எழுதி வைத்துவிடத் தோன்றும். நம் தோட்டங்களுக்குக் காக்கி பல வழிகளில் வந்தது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

முதலாவது, 1942 ஜனவரித் தொடக்கத்தில் இவ்வட்டாரத்தில் நிலைகொண்டிருந்த பிரிட்டிஷ் இந்தியப் படைகள். கோலசிலாங்கூர்க் கடற்கரையில் ஜப்பானியர் இறங்க முயன்றதும் அந்நாள்களில்தான். பின்வாங்கிய வீரர்கள் விட்டுச்சென்ற உடைகள் தோட்டத்தார் கைக்கு வந்திருக்கலாம். இரண்டாவது, இந்திய தேசிய இராணுவம். மூன்றாவது, போருக்குப் பின் கெடாத் தோட்டங்களில் கள்ளுக்கடைகளை எதிர்த்து எழுந்த தொண்டர் படை. அதன் இளைஞரும் சீருடை அணிந்து அணிவகுத்தனர். அங்கிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் அவ்வுடையைக் கொண்டுவந்திருக்கக் கூடும். நான்காவது, 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தின் சிறப்புக் காவலரும் ஊர்க்காவல் படையினரும். ஐந்தாவது, படையில் மிஞ்சி விலைக்கு வந்த பழந்துணி. அதிகாலைக் குளிரிலும் கொசுக்கடியிலும் பால்மரம் வெட்டச் செல்வோர்க்கு அது நல்ல காப்பு.

துணியை வாசித்தல்

முதலில் சட்டையின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். கழுத்துப் பட்டையின் கீழும் பைகளின் உள்ளேயும் மைமுத்திரை இருக்கலாம். அளவும் ஆண்டும் அதில் இருக்கலாம். பிரிட்டிஷ் படைப்பொருள்களின் அடையாளம் அகன்ற அம்புக்குறி. கனடாவில் செய்தவை ஆங்கில 'சி' எழுத்துக்குள் அம்பைக் கொண்டிருக்கும். இந்தியாவில் செய்தவை 'ஐ' எழுத்தோடு கூடிய அம்பைக் கொண்டிருக்கும்.

இங்கே ஒரு முரண் தோன்றும். பிரிட்டிஷ் முத்திரை இருப்பதால் அது ஐ.என்.ஏ. சட்டை அன்று என்று தள்ளிவிட முடியாது. ஜப்பானியர் கைப்பற்றிய பிரிட்டிஷ் கிடங்குகளின் உடையையே ஐ.என்.ஏ. பெரிதும் பயன்படுத்தியது. ஆங்கிலேயரை எதிர்த்தவர் ஆங்கிலேயரின் சட்டையையே அணிந்தார். ஆதலின் முத்திரை நமக்குத் துணி எங்கே, எப்போது நெய்து தைக்கப்பட்டது என்பதை உரைக்கும்; யார் அணிந்தார் என்பதை உரைக்காது.

அடுத்துப் பொத்தான்கள். வெப்பநாட்டுச் சீருடையில் உலோகப் பொத்தான்களைச் சிறு வளையத்தால் மாட்டி, துவைக்கும்போது கழற்றிவிடுவது வழக்கம். எனவே பொத்தான் பின்னாளில் மாறியிருக்கலாம். பிரிட்டிஷ் முடிச்சின்னம் பொறித்த பொத்தானாயின், முடியின் வளைவுகளைக் கவனிக்க வேண்டும். மேல்நோக்கி உருண்டு எழுந்த வளைவு 1952 இல் ஆறாம் ஜார்ஜ் மறையும் வரை வழங்கியது. நடுவில் தாழ்ந்த வளைவு அரசி எலிசபெத் காலத்தது. இரண்டாம் வகைப் பொத்தான் பழைய சட்டையில் இருந்தால், சட்டையோ பொத்தானோ அவசரகாலத்தைச் சேர்ந்தது என்று ஐயுற இடமுண்டு.

பின்னர் நூல். புற ஊதா ஒளியில் பிற்காலச் செயற்கை நூல் பளிச்சென ஒளிர்வது உண்டு. பழைய பருத்தி நூல் அவ்வாறு ஒளிராது. ஆயினும் இக்காலச் சலவைத்தூளில் துவைத்த பழந்துணியும் ஒளிரும். ஒரு சோதனையை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதலாகாது.

இவை எல்லாவற்றிலும் நான் முதன்மையாகக் கருதுவது வேறொன்று. ஐ.என்.ஏ.யின் சின்னங்களுள் இந்திய வரைபடமும், ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் பொருள்படும் இந்துஸ்தானிச் சொற்களும் பொறித்தது ஒன்று. அச்சொற்கள் உரோமன் எழுத்தில் இருந்தன. படையின் கட்டளை மொழியும் அதுவே. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. சிங்கப்பூரில் அவ்வாண்டு ஜூலையில் அடிக்கல் நாட்டி எழுப்பிய ஐ.என்.ஏ. நினைவுச் சின்னத்தைத் திரும்பி வந்த பிரிட்டிஷார் செப்டம்பரில் வெடிவைத்துத் தகர்த்தனர். நினைவுக் கல்லே தப்பாத நாளில், தோட்டத்துக்குத் திரும்பிய வீரர் சின்னத்தைப் பிரித்தெடுத்துப் புதைத்திருந்தால் வியப்பில்லை. துணியோ விலைமதிப்புள்ளது, அது வேலைச்சட்டையாகிவிடும்.

ஆகவே தோளிலும் மார்பிலும் பைமேலும் பிரிக்கப்பட்ட தையலின் தடத்தைத் தேட வேண்டும். ஊசித் துளைகள் வரிசையாய் நிற்கும். சின்னம் மூடியிருந்த இடம் வெயிலில் வெளுக்காமல் அடர்நிறத்தோடு எஞ்சியிருக்கும். சாய்வொளியில் பார்த்தால் அதன் வடிவம் கூடப் புலப்படலாம். பால்கறை படிந்த சட்டையில் அத்தகைய தடம் இருந்தால், ஒரே மனிதன் வாழ்ந்த இரு வாழ்க்கைகள் ஒரே துணியில் பதிந்திருக்கின்றன எனக் கொள்ள இடமுண்டு. அந்தக் கறையைத் துவைத்து நீக்குவது ஏட்டின் ஒரு பக்கத்தைக் கிழிப்பதற்கு ஒப்பாகும்.

வாய்மொழியைப் பதிதல்

துணி ஊமை. அதற்குப் பெயர் தருவது குடும்பத்தின் வாய்மொழி. அதையும் முறையோடு பெற வேண்டும். "தாத்தா ஐ.என்.ஏ.யில் இருந்தாரா?" என்று கேட்டால், "ஆம்" என்ற விடையே வரும். "இந்தச் சட்டையைப் பற்றி என்ன கேள்விப்பட்டிருக்கிறீர்கள், யாரிடம் கேட்டீர்கள்?" என்று கேட்க வேண்டும். எந்தத் தோட்டத்திலிருந்து சென்றார், எந்த முகாமில் பயிற்சி பெற்றார், எவ்வளவு நாள் கழித்துத் திரும்பினார், உடன் சென்றவர் யார் என்பவற்றை அவர்கள் பேசும் சொல்லிலேயே ஒலிப்பதிவு செய்ய வேண்டும். இந்துஸ்தானிக் கட்டளைச் சொல் ஒன்று பாட்டியின் நாவில் தமிழ் ஒலியோடு தங்கியிருந்தால், அதுவும் ஒரு சான்று. பழைய நிழற்படம், கடிதம், இந்திய அரசின் விடுதலைப் போராளி ஓய்வூதியத் தாள் ஆகியவை கிடைத்தால் வாய்மொழி வலுப்பெறும்.

இதில் காலம் நம் பக்கம் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயன்கள் இடிந்தன, மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். சிறிய வீட்டில் தகரப் பெட்டிக்கு இடம் ஏது? ஜான்சி ராணிப் படையில் பணியாற்றிய ஜானகி ஆதி நாகப்பன் போன்றோரின் பெயர் ஏட்டில் நிலைத்துவிட்டது. 2000 ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. தில்லிச் செங்கோட்டையில் 2019 இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் போஸின் நாற்காலியும் வாளும் உள்ளன. பெயர் எழுதப்படாத பால்மரத் தொழிலாளிக்கு எஞ்சியிருப்பது அவர் சட்டை ஒன்றே.

காட்சிக்கு வைத்தல்

சட்டையைத் துவைக்கவும் வேண்டா; இஸ்திரி போடவும் வேண்டா. அந்துருண்டையைத் துணிமேல் நேராக வைக்கலாகாது. கம்பிக் கொக்கியில் தொங்கவிட்டால் தோள்தையல் கிழியும்; பஞ்சு பொதிந்து துணி சுற்றிய வடிவத்தின் மேலோ, தட்டையான பலகையின் மேலோ வைப்பதே நன்று. மடிக்க நேர்ந்தால் மடிப்புக்குள் அமிலமற்ற தாளைச் சுருட்டி வைக்க வேண்டும். நம் நாட்டு ஈரப்பதம் துணிக்குப் பகை. 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சைக்கு வழி திறக்கும். ஒளி 50 லக்ஸ் அளவுக்கு மேற்படலாகாது. சில மாதங்கள் காட்சி, பிறகு இருளில் ஓய்வு என்று முறை வைத்துக்கொள்வது நலம்.

வெறுமையான மார்பில் புதிதாகச் செய்த சின்னத்தைத் தைத்துவிட வேண்டும் என்ற ஆசை பலர்க்கும் எழும். அதைச் செய்யாதீர்கள் என்று இவ்வவையை வேண்டிக்கொள்கிறேன். சின்னத்தின் படம் பக்கத்தில் இருக்கட்டும். சட்டையின் மேல் அந்தத் தடம் தடமாகவே இருக்கட்டும்; அச்சத்தில் பிரித்தவரின் கையும் அந்த வரலாற்றின் பகுதியே.

விளக்கப் பலகை மலாயோடும் ஆங்கிலத்தோடும் தமிழிலும் அமைய வேண்டும். அதை மூன்று கூறாகப் பிரித்தெழுதலாம். மாதிரிக்கு ஒன்று சொல்கிறேன்:

"காக்கிப் பருத்தி மேற்சட்டை. துணி காட்டுவது: இந்தியாவில் தைத்தது, படை முத்திரை உண்டு, இடமார்பில் சின்னம் பிரித்த தடம், முன்கையில் பால்கறை. குடும்பத்தார் கூறுவது: பாட்டனார் இந்திய தேசிய இராணுவத்தில் இருந்து திரும்பியபோது அணிந்திருந்தார். நாம் கருதுவது: இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன, உறுதிசெய்யும் ஆவணம் இன்னும் கிட்டவில்லை."

இத்தகைய பலகை குடும்பத்தின் பெருமையைக் குறைக்காது. நாளை ஓர் ஆய்வாளர் வந்து வினவினாலும் நிலைத்து நிற்கும் பெருமையை அது தரும். சட்டை அவசரகாலக் காவலருடையது என்று தெரியவந்தாலும் அதனை ஒதுக்க வேண்டியதில்லை. அதுவும் நம் தோட்டத்தார் ஒருவரின் வாழ்வே. அதற்குரிய பெயரோடு அது நிற்கட்டும்.

இங்கே கூடியுள்ள ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர்களை வீட்டுப் பெட்டிகளைப் பார்த்துவரச் சொல்லுங்கள். பொருளைப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டா. ஒரு படமும், பாட்டி சொன்ன நான்கு வரியும் போதும். ஒரு குறிப்பேட்டில் அவற்றைத் தொகுத்தால், புக்கிட் மலாவத்தி அருங்காட்சியகத்தாரிடமோ தேசிய ஆவணக் காப்பகத்தாரிடமோ கையில் சான்றோடு சென்று பேசலாம். அந்தப் பணியை இவ்வாண்டிலேயே தொடங்குவோம்.