சீவியூ: இரவில் இடிக்கப்பட்ட தேவாலயம்

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகர ஓரத்தில் ஆப்பிரிக்வில் என்ற கறுப்பின மக்களின் ஊர் இருந்தது. 1849இல் அங்கே பாப்டிஸ்ட் சபை உருவானது. கல்யாணம், சாவு, ஊர்க்கூட்டம் எல்லாம் சீவியூ என்ற அந்த மரக்கட்டடத்தில்தான். நகராட்சி வரி வாங்கியது. குழாய்த் தண்ணீர் தரவில்லை. குப்பைமேட்டை மட்டும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது. நமக்குப் பழக்கமில்லாத வேலையா இது?

பிறகு ஊரையே காலி செய்தார்கள். பத்திரம் இல்லாதவர்களுக்கு 500 டாலர். தட்டுமுட்டுச் சாமான்கள் போனது குப்பை லாரியில். 1967 நவம்பரில், ஓர் இரவில், யாருக்கும் சொல்லாமல் தேவாலயத்தை இடித்தார்கள்.

2010இல் நகரம் மன்னிப்புக் கேட்டது. அடுத்த ஆண்டே அதே வடிவில் தேவாலயம் எழுந்தது. இன்று அது அருங்காட்சியகம். அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த உடன்பாட்டில், வீடு இழந்தவர்களுக்குத் தனித்தனியாக இழப்பீடு எதுவும் இல்லை.