ஹாலில் சொன்னதை ஹாலில்தான்...
(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

"தலைமைப் பண்பு பற்றி இளைஞர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்றார் செயலாளர். மேனேஜ்மெண்ட் புத்தகம் எதுவும் நான் படித்தவனல்ல. 34 வருஷம் பாங்க்கில் குப்பை கொட்டியவன். அதில் நடந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லுகிறேன்.

1983-ல் நாக்பூருக்கு அப்பால் ஒரு பருத்தி ஊரில் எனக்கு முதல் தடவையாக மேனேஜர் பதவி. வயது 31. கிளையில் மொத்தம் பதினோரு பேர். ஹெட் கேஷியர் மராட்டிக்காரர், என்னைவிட இருபது வயது பெரியவர். அதிகம் பேசமாட்டார்.

பருத்தி சீசனில் ஒரு சனிக்கிழமை, பக்கத்து ஊர்க் கிளைக்குப் பணப்பெட்டி அனுப்பினோம். மதியம் கணக்கு முடிக்கும்போது கல்லாவில் 5,000 ரூபாய் குறைந்தது. சரியாக ஒரு கட்டு ஐம்பது ரூபாய் நோட்டு. அன்று அது அவருடைய சில மாதச் சம்பளம். நான் ஹாலின் நடுவில் நின்று, எல்லோர் காதிலும் விழ, "பணம் எங்கே போயிற்று என்று உமக்குத்தான் தெரியும்" என்றேன். அவர் பதில் பேசவில்லை. இரவு எட்டு மணிக்கு மைத்துனரிடம் கடன் வாங்கிக் கொண்டுவந்து கட்டினார்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ட்ரங்க் கால் வந்தது. பக்கத்துக் கிளையில் அப்போதுதான் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். ஒரு கட்டு அதிகம் இருக்கிறதாம்! பெட்டியில் வைக்கும்போது கட்டுகளை எண்ணிச் சொன்னவன் நான். நான் சொன்னதை எழுதிக்கொண்டவர் அவர்.

அவரை என் அறைக்கு அழைத்து, கதவைச் சாத்திவிட்டு மன்னிப்புக் கேட்டேன். பெரிய மனசு பண்ணுவதாக நினைப்பு எனக்கு. அவர் மெதுவாக, "ஹால் மே போலா தா, சாப்" என்றார். 'ஹாலில் அல்லவா சொன்னீர்கள்!'

அன்று சாயங்காலம் எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன். கால் நடுங்கியது. என் ஹிந்தியோ மயிலாப்பூர் ஹிந்தி. "மேரீ கல்தி" என்பதற்கு "மேரா கல்தி" என்று உளறியதும் டைப்பிஸ்ட் பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் என்னைக் காப்பாற்றியது.

அதற்காக அவர் உடனே என்னோடு சிநேகமாகிவிடவில்லை. பல மாதங்கள் வேலை விஷயம் மட்டும்தான் பேசினார். ஆனால் வேறொன்று நடந்தது. வட்டி தப்பாகப் போட்ட ஒரு கிளார்க், ஆடிட்டர் கண்டுபிடிக்கும் முன்னே தானாகவே வந்து சொன்னார். பிறகு இன்னொருவர். அதுவரை என்னிடம் யாரும் அப்படி வந்ததில்லை, பயந்துகொண்டு மறைத்திருக்கிறார்கள்.

அப்துல் கலாம் பல மேடைகளில் சொன்ன சம்பவம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1979 ஆகஸ்ட் 10-ந் தேதி எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் கலாம். ஆனால் பத்திரிகைக்காரர்கள் முன் தோல்விக்குப் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். 1980 ஜூலை 18-ல் ராக்கெட் வெற்றி பெற்றபோது, கலாமையே பேசச் சொல்லிவிட்டார். இதைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் கேஷியர் முகம்தான் எனக்கு ஞாபகம் வரும்.

ஞாபகம் வந்து என்ன பிரயோஜனம்? போன வைகாசியில் நம் சங்கம் நடத்திய ஸமஷ்டி உபநயனத்தில், வெளியூரிலிருந்து வந்த ஒரு குழந்தையின் பெயர் பட்டியலில் விட்டுப்போயிருந்தது. வேஷ்டி, பாத்திரம் எதுவும் எடுத்து வைக்கவில்லை. தாயார் கண் கலங்கினாள். பட்டியல் தயாரித்த பையனை, ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஒரு வாரம் ஓடியாடி உழைத்தவனை, இதே ஹாலில் உங்கள் முன்னால் கோபித்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவன் வருவதில்லை. இன்றும் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, அந்த விண்ணப்பம் என் பையிலேயே, பஞ்சாங்கத்துக்குள் கிடந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போகிறேன். ஆனால் சொன்னது இங்கே. ஆகையால் இங்கேயும் சொல்லுகிறேன்: தப்பு என்னுடையது, அவனுடையது அல்ல. செயலாளர் இதை நம் பத்திரிகையில் ஒரு வரி விடாமல் போடவேண்டும்.