இன்மை அறிக்கை
மாணவர் நலப் பணியும் சமூக நீதியும்: அறக்கட்டளைச் சொற்பொழிவு



 

நான் எதைப் பேசப் போகிறேன் என்பது இந்த அரங்கில் பாதிப் பேருக்குத் தெரியும். கல்விக்குழுவிலும், நாக் தர மதிப்பீட்டுக் குழுவின் வருகைக்கு முந்தைய ஆயத்தக் கூட்டங்களிலும் பல ஆண்டுகளாக நாம் வாதாடிக்கொண்டிருக்கும் விஷயம்தான். கேள்வி ஒன்றே ஒன்று: புகார் வராத கல்லூரி நல்ல கல்லூரியா?

ஆம் என்கிறார்கள் என் சகாக்கள் பலர். "எங்கள் வளாகத்தில் சாதிப் பாகுபாடு கிடையாது, பதிவேட்டைப் பாருங்கள், ஒரு புகாரும் இல்லை" என்கிறார்கள். மேலிடத்திலிருந்து கடிதம் வரும்போதெல்லாம் புகார் ஏதும் இல்லை என்ற இன்மை அறிக்கை போகிறது; கோப்பு முடிகிறது. அந்த இன்மை அறிக்கையை மாணவர் நலப் பணியின் தோல்விச் சான்றாகவே நான் பார்க்கிறேன். இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். இன்று காரணங்களோடு சொல்லிவிட வேண்டும் என்று வந்திருக்கிறேன்.

புகார்ப் பெட்டியும் பதிவேடும்

புகார்ப் பெட்டி பெரும்பாலும் முதல்வர் அறைக்கு வெளியே, அலுவலகச் சன்னலை ஒட்டிய சுவரில் மாட்டியிருக்கும். மேலே கண்காணிப்புக் கேமரா. சாவி அலுவலகத்தில். குஜிலியம்பாறைப் பக்கமிருந்தோ நத்தத்திலிருந்தோ விடியலில் பேருந்து ஏறி வரும் முதல் தலைமுறை மாணவி அந்தச் சுவரருகே நின்று, எல்லார் கண்ணும் பார்க்க, ஒரு தாளை மடித்துப் போட வேண்டும். செய்முறைத் தேர்வில் அவளுக்கு மதிப்பெண் போடப்போகிறவர் அதே வராந்தாவில்தான் நடமாடுகிறார்.

பெயர் சொல்ல வேண்டாத ஒரு கல்லூரியில் இந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஆண்டுக்கு ஒரு பக்கம். பக்கம்தோறும் "இன்மை", கீழே கையொப்பம், முத்திரை. வெளியே வந்தபோது ஆய்வக உதவியாளர் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். உதவித்தொகைப் பட்டியலைச் சாதிப் பிரிவோடு வகுப்பில் உரக்க வாசிக்கிறார்களாம். பெயர் வந்தவர்கள் எழுந்து நிற்க வேண்டுமாம். சில பிள்ளைகள் அடுத்த ஆண்டு விண்ணப்பமே போடவில்லையாம். பதிவேட்டில் இது எங்கும் இல்லை. உதவித்தொகை கேட்டவர்களின் எண்ணிக்கை குறைந்ததைத் "தேவை குறைந்துவிட்டது" என்று அந்தக் கல்லூரி எழுதியிருந்தது.

நாடு முழுவதற்குமான கணக்கும் இதையே சொல்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் சமத்துவ விதிமுறைகளைக் கொண்டுவந்து, ஒவ்வொரு நிறுவனத்திலும் சம வாய்ப்பு மையமும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்றது. 2016இல் ஐதராபாத்தில் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலாவையும், 2019இல் மும்பையில் மருத்துவ மாணவி பாயல் தட்வியையும் இழந்தோம். வளாகங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கக் கோரி அவர்களின் தாய்மார்கள் இருவரும் உச்ச நீதிமன்றத்தின் படியேறினார்கள். அந்த வழக்குக்காக மானியக் குழு தொகுத்த விவரப்படி, 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்து ஆண்டுகளில் 704 பல்கலைக்கழகங்களிலிருந்தும் 1,553 கல்லூரிகளிலிருந்தும் வந்த பாகுபாட்டுப் புகார்கள் 1,160. ஆண்டுக்கு 173 ஆக இருந்தது 378 ஆகிவிட்டது என்று செய்தித்தாள்கள் பதறின. எனக்குக் கவலை தருவது வேறு. ஐந்து ஆண்டுகளில் இரண்டு நிறுவனங்களுக்கு ஒரு புகார்தான் வந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் படிக்கும் வளாகங்களில் இது சாத்தியமா?

திண்டுக்கல் ஒப்பந்தம்

இனி நம் ஊருக்கு வருகிறேன். இந்த எடுத்துக்காட்டை நான் விடுவதே இல்லை என்று சிலர் குறைபட்டுக்கொள்வது எனக்குத் தெரியும். இதைவிடப் பொருத்தமானது கிடைக்காததால்தான் விடவில்லை.

நம் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் என்றொரு ஆயத்த ஆடை ஆலை இருந்தது நினைவிருக்கும். ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துடையது. அங்கே வேலை பார்த்த ஒரு தலித் இளம்பெண் 2021 சனவரியில் கொலையுண்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அதே ஆலையின் மேற்பார்வையாளர். அதன் பிறகே மற்றப் பெண்கள் வாய் திறந்தார்கள். கெட்ட வார்த்தை, தொடுதல், சாதியைச் சொல்லி ஏசுதல் என்று அடுக்கடுக்காக வெளிவந்தது. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஆலைக்கும் பொருந்தும். உள்ளகப் புகார்க் குழு அங்கேயும் இருந்தாக வேண்டும். காகிதத்தில் இருந்த பாதுகாப்பு அந்தப் பெண்ணைக் காப்பாற்றவில்லை.

தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் அப்போது விடாமல் போராடியது. ஆசிய அளவிலான கூலிக் கூட்டமைப்பு ஒன்றும் அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பு ஒன்றும் கைகோத்தன. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் நிறுவனம் இவர்களோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ஆடை வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனமும் தன்னைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது, கேப், பி.வி.எச். நிறுவனங்கள் பின்னால் சேர்ந்தன. ஆடை ஆலையும் நூற்பாலைகளுமாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இதற்குள் வந்தார்கள். உலகம் இதைத் திண்டுக்கல் ஒப்பந்தம் என்றே அழைக்கிறது. பூட்டுக்கும் சுருட்டுக்கும் பேர்போன நம் ஊரின் பெயரை இன்று உலகத் தொழிலாளர் அரங்குகளில் உச்சரிக்கிறார்கள். நம் கல்லூரிகளில் எத்தனை பாடத்திட்டங்களில் இது இருக்கிறது?

ஒப்பந்தத்தின் அமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். குறைந்தது 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்ற கணக்கில், தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் எடுக்கப்பட்டார்கள். அவர்களுக்குப் பயிற்சி தந்தது சங்கம், நிர்வாகம் அல்ல. தையல் வரிசையில் பக்கத்து மெஷினில் இருப்பவரே அந்தக் கண்காணிப்பாளர். குறையைச் சொல்ல எழுதத் தெரிய வேண்டாம், அலுவலகப் படி ஏற வேண்டாம். பாலினக் கொடுமையோடு சாதிக் கொடுமையையும் ஒப்பந்தம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. உள்ளே தீராதது நிறுவனத்துக்கு வெளியே உள்ளவர்களிடம் போகும். ஆலை இதன்படி நடக்காவிட்டால், ஆடை வாங்கும் நிறுவனம் வணிகத்தைக் குறைக்கும். ஒரு விதி மீறப்பட்டால் யாருக்கு நட்டம் என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது.

முதலாண்டில் வந்த குறைகள் 185. தீர்ந்தவை 182. பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள் தீர்ந்தன. பாலினக் கொடுமை சார்ந்தவை 23, அத்தனையும் தீர்க்கப்பட்டன. 185இல் எல்லாவகைக் குறைகளும் அடக்கம் என்பதை மறைக்கவில்லை. என் வாதமே அதில்தான் இருக்கிறது. சின்னக் குறையைச் சொல்லிப் பழகியவர்தான் பெரிய கொடுமையையும் சொல்வார். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்பதைச் சொல்ல வழியில்லாத இடத்தில், என்னைச் சாதி சொல்லித் திட்டினார்கள் என்று யார் வந்து சொல்வார்கள்?

வேடசந்தூரைச் சுற்றிய கிராமங்களில் ஒரே வீட்டில் அக்கா மில்லுக்குப் போகிறாள், தங்கை கல்லூரிக்குப் போகிறாள். அக்காவின் சம்பளத்தில்தான் தங்கை படிக்கிறாள். ஒப்பந்தம் நடந்த ஆலையில் வேலை பார்த்த அக்காவுக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பாதுகாப்பு இருந்தது. படித்தவர்கள் நடத்தும் கல்லூரியில் தங்கைக்கு இருப்பது சுவரில் மாட்டிய பெட்டி. இந்த நிலையை வைத்துக்கொண்டு நாம் உயர்கல்வி என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

மறுப்புகளுக்குப் பதில்

இதே ஏற்பாடு கல்லூரிக்கும் வேண்டும் என்றால் மறுப்புகள் வருகின்றன. ஆலை வேறு, கல்லூரி வேறு என்பது முதலாவது. ஆசிரியர் மாணவர் உறவு குடும்ப உறவு போன்றது என்று சொல்லப்படுகிறது. குடும்பத்துக்குள் நடப்பதைத்தான் வெளியே சொல்ல முடிவதில்லை; ஆகவே வெளி ஆள் ஒருவர் கல்லூரிக்குக் கூடுதலாகத் தேவை.

பொய்ப்புகார் குவியும் என்கிறார்கள். ஐயாயிரம் பேரிடமிருந்து ஓராண்டில் வந்தது 185. அது குவியல் இல்லை. பெரும்பகுதி ஒரு வாரத்தில் முடிந்த வேலை.

சாதியைப் பேசினால் சாதி வளரும் என்பது மூன்றாவது மறுப்பு. நாங்குநேரியில் 2023இல் தலித் பள்ளி மாணவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு இதை யாரும் சொல்லக் கூடாது. அதையொட்டி அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 சூனில் தந்த அறிக்கையில், எல்லாப் பிரிவு மாணவர்களையும் சேர்த்துச் சமூக நீதி மாணவர் படை அமைக்கச் சொன்னது. மாணவர்களை நம்பிய பரிந்துரை அது.

சட்டத்திலும் வழி இருக்கிறது. பாலியல் தொல்லை பற்றிய மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகளின்படி, மாணவர் தொடர்பான புகாரில் மூன்று மாணவர்கள், அதுவும் தேர்தல் மூலம் வந்தவர்கள், குழுவில் இருக்க வேண்டும். நான் பார்த்த கல்லூரிகளில் துறைத்தலைவர்கள் பெயர் கொடுத்து நியமித்துவிடுகிறார்கள். சாதிப் பாகுபாட்டுக்கான 2012 விதிகளில் இந்த ஏற்பாடும் இல்லை. 2026 சனவரியில் வந்த புதிய விதிகளை உச்ச நீதிமன்றம் அதே மாதத்தில் நிறுத்திவைத்ததால், பழைய விதிகளே இப்போது நடப்பில் உள்ளன. விதி தடுக்காத ஒன்றைச் செய்ய டெல்லியின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

மற்றவை

நேரம் குறைவாக இருப்பதால் மற்றவற்றைச் சுருக்கமாகத் தொடுகிறேன்.

அரசு மாணவர் விடுதிகள் 2,739க்கும் 2025 சூலையில் சமூக நீதி விடுதிகள் என்று பெயர் வந்தது. வரவேற்கிறேன். பெயர்ப்பலகை மாறிய விடுதிகளில் உணவுக் குழுவை மாணவர்களே தேர்ந்தெடுக்கிறார்களா என்று யாராவது ஆராய வேண்டும்.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் நேரே வங்கிக் கணக்குக்குப் போகிறது. பட்டியல் வாசித்து யாரையும் எழுப்பி நிறுத்தாத முறை இது. மற்ற உதவித்தொகைகளுக்கும் இதே அடக்கம் வேண்டும்.

தோட்டனூத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் 2022இல் 321 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. அங்கிருந்து கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் இன்னும் வெளிநாட்டவர்கள். அவர்களின் குறையை நம் சம வாய்ப்பு மையம் எந்தத் தலைப்பில் பதியும்? சிறுமலையிலிருந்தும் கொடைக்கானல் மலையிலிருந்தும் வரும் பளியர் மாணவர்கள், சக்கர நாற்காலி ஏறாத மாடி வகுப்புகள், திருநர் மாணவர்கள் பற்றியும் தனித்தனி ஆய்வுகள் தேவை. ஆய்வு மாணவர்கள் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இன்மை அறிக்கைகளையே பத்தாண்டுக்குத் தொகுத்து, இடைநின்றவர் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் நல்ல ஆய்வேடு கிடைக்கும்.

முதல்வர்கள் பலர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள். வருகிற கல்வியாண்டின் தொடக்கத்தில் 25 மாணவர்களுக்கு ஒரு கண்காணிப்பாளரை மாணவர்களே தேர்ந்தெடுக்கட்டும். அவர்களுக்குப் பயிற்சி தர வெளியிலிருந்து ஆள் கூப்பிடுங்கள். ஒப்பந்தத்தை நடத்திய சங்கத்துப் பெண்களையே கூப்பிடலாம், பக்கத்தில்தான் இருக்கிறார்கள். முதலாண்டில் புகார்கள் கூடும். அந்த எண்ணிக்கையைக் குறைக்காமல், மறைக்காமல், கல்லூரியின் பெயரோடு வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.