அண்ணன் என்று அழைக்காத மைதானம்



இன்று பட்டம் பெறும் பிள்ளைகளே, நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கால்பந்துப் பயிற்சியாளரைப் பற்றி. பெயர் கூஸ் ஹிடிங்க். நெதர்லாந்தின் கிழக்கே வார்செவெல்ட் என்ற சிற்றூரில், 1946இல் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தவர். நடுக்களத்தில் ஆடினார். ஆட்ட வாழ்க்கையின் பெரும்பகுதி டி கிராஃப்ஸ்காப் என்ற சின்ன கிளப்பில் கழிந்தது. நாட்டுக்காக ஆட ஒருமுறைகூட அழைப்பு வரவில்லை. ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே இன்னொரு வேலையும் பார்த்தார். மற்ற பள்ளிகளால் சமாளிக்க முடியாத பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் வேலை. பிறகு அவர் செய்த எல்லாவற்றுக்கும் விதை அந்தப் பள்ளியில்தான் விழுந்தது என்பது என் எண்ணம். அதட்டினால் அடங்காத பிள்ளைகளிடம் வேறு வழிகளைத் தேடித்தானே ஆக வேண்டும்?

1988இல் அவர் பயிற்சி கொடுத்த பிஎஸ்வி அணி ஐரோப்பியக் கோப்பையை வென்றது. காலிறுதியிலிருந்து இறுதிவரை ஐந்து ஆட்டங்கள், ஐந்துமே டிரா. ஸ்டுட்கார்ட்டில் நடந்த இறுதியில் பென்ஃபிகா அணியைப் பெனால்டியில்தான் ஜெயித்தார்கள். பிறகு நெதர்லாந்து அணியின் பயிற்சியாளரானார். 1996 யூரோ போட்டியில், தன்னைப் பற்றி வெளிப்படையாகக் கடுஞ்சொல் பேசிய வீரர் எட்கர் டேவிட்ஸைப் போட்டி முடியும் முன்பே வீட்டுக்கு அனுப்பினார். 1998 உலகக் கோப்பைக்கு அதே டேவிட்ஸைத் திரும்ப அழைத்துக்கொண்டார். யூகோஸ்லாவியாவுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் வெற்றி கோலை அடித்தவர் அவர்தான்.

இனி தென் கொரியாவுக்கு வருகிறேன். 2001 தொடக்கத்தில் அந்த நாட்டின் அணியை ஹிடிங்க் ஏற்றுக்கொண்டபோது, கொரியா ஐந்து உலகக் கோப்பைகளில் 14 ஆட்டங்கள் ஆடியிருந்தது. நான்கு டிரா, பத்துத் தோல்வி. வெற்றி ஒன்றுகூட இல்லை. கொரிய வீரர்களுக்கு மன உறுதியும் உடல் வலுவும் உண்டு, நுட்பம்தான் போதாது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹிடிங்க் மறுத்தார். நுட்பம் இருக்கிறது, உடல் தகுதிதான் போதாது என்றார். இன்னொரு குறையையும் கண்டார். களத்தில் யாரும் பேசுவதில்லை.

கொரிய மொழியில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. 'ஹ்யோங்' என்பார்கள். அண்ணன் என்று பொருள். மூத்தவரிடம் பேசும் வினைச்சொற்களும் வேறு. அணியின் சாப்பாட்டு மேசையிலும் மூத்தவர்கள் ஒரு பக்கம், இளையவர்கள் ஒரு பக்கம். நமக்கு இது விளங்காத விஷயமல்ல. 'அண்ணா, உங்கள் பின்னால் ஆள் வருகிறான்' என்று மரியாதையோடு சொல்லி முடிப்பதற்குள் எதிரணி பந்தைப் பறித்துவிடும். ஹிடிங்க் மேசைகளில் எல்லோரையும் கலந்து உட்கார வைத்தார். களத்தில் பெயர் சொல்லியே கூப்பிட வேண்டும் என்றார். முதலில் இளையவர்களுக்கு நாக்கு எழவில்லை.

அந்த நாக்கு எழாத நிலையை நான் அறிவேன். என் முதல் வேலையில், மேலதிகாரி போட்ட ஒரு கட்டடக் கணக்கில் பிழை இருப்பதைப் பார்த்தேன். அவர் இருபது வருடம் மூத்தவர், நான் சேர்ந்து இருபது நாள். வாயைத் திறக்கவில்லை. கட்டிய தளத்தை மூன்று மாதம் கழித்து இடித்தார்கள். 'முன்பே தெரிந்திருந்தால்' என்று அவர் வருந்தியபோதும் நான் அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. இன்றுவரை உறுத்துகிறது.

கொரியாவில் பலன் உடனே கிடைத்துவிடவில்லை. பிரான்சிடம் ஐந்துக்குப் பூஜ்யம். சில மாதங்களில் செக் குடியரசிடமும் ஐந்துக்குப் பூஜ்யம். 'ஐந்து–பூஜ்யம்' என்றே அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். அவர் முறையை மாற்றவில்லை.

2002 ஜூன் 18, உலகக் கோப்பை, டேஜான் நகரம், எதிரே இத்தாலி. நம் நேரப்படி மாலை 5 மணி. ஒரு டீக்கடைத் தொலைக்காட்சி முன் நின்றபடியே முழு ஆட்டத்தையும் பார்த்தேன். தொடக்கத்திலேயே ஆன் ஜங்-ஹ்வான் அடித்த பெனால்டியை இத்தாலியக் கோல்கீப்பர் பஃபோன் தடுத்துவிட்டார். பிறகு இத்தாலியின் வியேரி ஒரு கோல் போட்டார். நேரம் ஓட ஓட, ஹிடிங்க் தற்காப்பு வீரர்களை ஒவ்வொருவராக வெளியே எடுத்துத் தாக்குபவர்களை இறக்கினார். 83ஆம் நிமிடத்தில் வெளியே வந்தவர் கேப்டன் ஹாங் மியங்-போ. அணியின் மூத்த அண்ணன்களில் ஒருவர். அவருக்குப் பதிலாக இறங்கிய சா டு-ரிக்கு 21 வயது. உங்களைப் போலவே அப்போது பல்கலைக்கழக மாணவர். 88ஆம் நிமிடத்தில் சோல் கி-ஹ்யான் சமன் செய்தார். பெனால்டியைத் தவறவிட்ட ஆன் ஜங்-ஹ்வானை ஹிடிங்க் கடைசிவரை வெளியே எடுக்கவில்லை. கூடுதல் நேரத்தில், 117ஆம் நிமிடத்தில், தலையால் முட்டித் தங்க கோலை, அதாவது விழுந்ததுமே ஆட்டத்தை முடித்துவிடும் கோலை, அடித்தவர் அந்த ஆன்தான். அன்றைய நடுவரின் முடிவுகளைப் பற்றி இத்தாலியர்களுக்கு இன்றும் கோபம் உண்டு. இத்தாலி வீரர் டோட்டியை வெளியேற்றியது எனக்கும் சரியாகப் படவில்லை. ஆனால் கேப்டனை வெளியே எடுத்து ஒரு மாணவனை இறக்கிய துணிச்சலை எந்த நடுவரும் கொடுத்திருக்க முடியாது.

பிள்ளைகளே, உங்களில் பலர் இன்னும் சில மாதங்களில் சா டு-ரியின் இடத்தில் இருப்பீர்கள். உங்களை நம்பி யாராவது இறக்கும்போது, கண்ணில் படுவதைப் பெயர் சொல்லிக் கத்துங்கள். இருபது வருடம் கழித்து ஹாங் மியங்-போவின் இடத்தில் இருப்பீர்கள். எனக்கு அதிகக் கவலை அந்த நாளைப் பற்றித்தான். இளையவருக்காக வெளியே வரச் சொன்னால் அன்று உங்கள் முகம் எப்படி இருக்கும்?

ஹாங் அதற்கு முன் மூன்று உலகக் கோப்பைகளில் ஆடி ஒரு வெற்றிகூடக் காணாதவர். 2002 அவருக்கு நான்காவது. இத்தாலி ஆட்டம் முடிந்து நான்கு நாள் கழித்து, குவாங்ஜுவில் ஸ்பெயினோடு காலிறுதி. 120 நிமிடம் ஆடியும் கோல் இல்லை. பெனால்டியில் ஸ்பெயினின் ஹோவாகின் அடித்ததைக் கோல்கீப்பர் லீ வுன்-ஜே தடுத்தார். கொரியாவின் ஐந்தாவது பெனால்டி மிச்சம். அது உள்ளே போனால் அரையிறுதி. நடுவட்டத்திலிருந்து நடந்து வந்து பந்தை வைத்தவர் ஹாங் மியங்-போ. வலைக்குள் அடித்துவிட்டு, இரு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடினார். அந்தத் தம்பிகள் எல்லோரும் அவர் பின்னாலேயே ஓடினார்கள்.